இயமமும் தியானமும்
மு. தளையசிங்கத்தின் யோகநோக்கு: ஒரு மதிப்பீடு

யோகம் என்னும் சொல் இன்று பெரும்பாலும் உடற்பயிற்சி ஒன்றையே குறித்து வழங்குகின்றது. 2014ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஜூன் 21ஆம் நாளைச் சர்வதேச யோகா தினமாகப் பிரகடனஞ் செய்த பின்னர் இவ்வழக்கு மேலும் வேரூன்றிவிட்டது. ஆயின், பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஆசனத்தைப் பற்றிப் பேசும் சூத்திரங்கள் மூன்றே. எட்டு உறுப்புகளுள் ஆசனம் மூன்றாவது. அதற்கு முன்னே நிற்பவை இயமமும் நியமமும் என்னும் ஒழுக்க நெறிகள். அதற்குப் பின்னே வருபவை பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன. ஒழுக்கத்திலிருந்து தியானத்துக்குச் செல்லும் ஒரு நெடும்பாதையின் நடுவே அமைந்த ஒரு படியையே உலகம் யோகம் எனப் பெயரிட்டு அழைக்கின்றது.

இப்பாதையின் இரு முனைகளுக்கும் இடையேயுள்ள உறவு யாது? ஒழுக்கம் தியானத்துக்குரிய முன்னேற்பாடு மட்டுந்தானா? தியானத்திற் கிடைக்கும் அநுபவம் ஒழுக்கத்தின்பால், அதாவது மனிதர் மனிதரோடு வாழும் முறையின்பால் மீண்டும் திரும்புதல் வேண்டுமா? ஈழத்துத் தமிழிலக்கியத்தில் இவ்வினாவை ஓர் இலக்கியக் கொள்கையின் மையத்தில் வைத்து எழுதியவர் புங்குடுதீவைச் சேர்ந்த மு. தளையசிங்கம் (1935–1973). அவ்வினாவை ஒரு கிணற்றங்கரைக்குக் கொண்டுசென்றவரும் அவரே. அவரது எழுத்தை யோக தத்துவத்தின் அளவுகோலால் மதிப்பிடும்போது அவ்வெழுத்தின் வலுவும் குறையும் ஒருங்கே புலப்படுகின்றன.

இயமத்தின் எல்லை

பதஞ்சலி கூறும் இயமங்கள் ஐந்து: அகிம்சை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், பிறர் பொருளும் மிகைப்பொருளும் ஏலாமை. இவற்றை எடுத்துரைத்த கையோடு, அடுத்த சூத்திரத்திலேயே அவர் ஒரு நிபந்தனையை விதிக்கின்றார். சாதி, தேசம், காலம், சந்தர்ப்பம் என்னும் நான்கினாலும் வரையறுக்கப்படாது எங்கும் பரந்து நிற்கும்போதே இவ்வொழுக்கங்கள் மகாவிரதம் எனப்படும் என்பது அச்சூத்திரத்தின் கருத்து. இதற்கு உரை வகுத்த வியாசர் காட்டும் எடுத்துக்காட்டுகள் மனங்கொள்ளத்தக்கன. மீனவன் ஒருவன் மீன்களுக்கன்றி வேறெவ்வுயிர்க்கும் தீங்கு செய்யேன் எனின், அது சாதியால் வரையறுக்கப்பட்ட அகிம்சை. புண்ணிய தீர்த்தத்திற் கொல்லேன் எனின், அது தேசத்தால் வரையறுக்கப்பட்டது. புனித நாளிற் கொல்லேன் எனின், அது காலத்தால் வரையறுக்கப்பட்டது. தேவர்க்காகவும் பிராமணர்க்காகவும் அன்றிக் கொல்லேன் எனின், அது சந்தர்ப்பத்தால் வரையறுக்கப்பட்டது.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். இச்சூத்திரம் சமூக சமத்துவத்தைச் சட்டமாக விதிக்கின்றது என்று கொள்ளுதல் பொருந்தாது. பிறப்பினாலும் தொழிலினாலும் வரும் எல்லைகள் சாதகனுடைய விரதத்தைக் குறுக்கக் கூடாது என்பதே அது நேராகக் கூறுவது. எனினும் அதிலிருந்து பெறப்படும் முடிபு தவிர்க்கவியலாதது. தன் குலத்தார்க்குள் அன்பும் பிற குலத்தார்பால் வன்மையும் காட்டும் ஒருவனது ஒழுக்கம், அவன் எத்துணை நேரம் கண்மூடி அமர்ந்திருப்பினும், யோகத்தின் முதற்படியைத்தானும் எட்டியதாகாது.

அதே பாதத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. இம்சை முதலிய தீமைகள் தானே செய்தவை, பிறரைக்கொண்டு செய்வித்தவை, பிறர் செய்ய உடன்பட்டவை என மூவகைப்படும். மூன்றாவது வகையே சமூக வாழ்வில் மிகப் பரந்தது. தான் எவரையும் அடிக்காமலும் விரட்டாமலும் இருந்துகொண்டு, அடிப்பதற்கும் விரட்டுவதற்கும் மௌனத்தால் உடன்படுவோர் எவ்வூரிலும் பெரும்பான்மையோர். யோக சூத்திரம் அவர்களையும் இம்சையின் கணக்கில் சேர்த்துவிடுகின்றது.

தமிழ் மரபு இயமத்தின் எல்லையை மேலும் விரித்தது. திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை உரைக்கும் திருமூலர் இயமங்களைப் பத்தாக்கினார். கொல்லாமை, பொய்யாமை, களவின்மை என்பவற்றோடு நடுவுநிலைமையையும் பகுத்துண்ணுதலையும் அவர் சேர்த்துள்ளார். பதஞ்சலியின் ஏலாமை, வேண்டாததைக் கைக்கொள்ளாது விலகி நிற்பது. திருமூலரின் பகுத்துண்ணல், உள்ளதைப் பிறரோடு பங்கிட்டுக்கொள்வது. முன்னது தனியனாகிய துறவிக்கும் இயல்வது; பின்னதற்கு அயலான் ஒருவன் வேண்டும். யோகத்தின் வாயிலிலேயே அயலானை நிறுத்திவைத்தமை தமிழ் யோக மரபின் தனிச்சிறப்பு எனலாம்.

தளையசிங்கத்தின் படிக்கட்டு

பேராதனையில் பல்கலைக்கழகக் கல்வி பெற்று ஆசிரியராகப் பணியாற்றிய தளையசிங்கம், முதலிற் சிறுகதையாசிரியராகவே அறியப்பட்டார். 1965இல் வெளிவந்த ‘புதுயுகம் பிறக்கிறது’ தொகுதியிலுள்ள கதைகள் சாதியையும் பாலுணர்வையும் மூடி மறைக்காது பேசுவன. 1956 முதல் 1963 வரையிலான ஈழத்துத் தமிழிலக்கியப் போக்கினை மதிப்பிட்ட ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’ அவரை விமரிசகராக நிலைநாட்டியது. அக்காலத்தில் மேலோங்கி நின்ற முற்போக்கு அணியினரோடு அவர் நிகழ்த்திய வாதம் அந்நூலின் உயிர்நாடி. 1970இல் வெளியான ‘போர்ப்பறை’யும், அவரது மறைவுக்குப்பின் 1974இல் வெளியான ‘மெய்யுள்’ளும் அவரது முதிர்ந்த சிந்தனையை வெளிப்படுத்துவன.

இம்முதிர்ந்த சிந்தனையின் அடித்தளம் அரவிந்தரின் பரிணாமக் கொள்கை. சடத்திலிருந்து உயிரும், உயிரிலிருந்து மனமும் தோன்றிய பரிணாமம் மனத்தோடு நின்றுவிடுவதன்று. அதனையும் கடந்த பேர்மன நிலைக்கு மனிதகுலம் எழுதல் வேண்டும் என்பது அதன் சாரம். தளையசிங்கம் இக்கொள்கையைச் சமூக வரலாற்றின்மீதும் இலக்கிய வரலாற்றின்மீதும் பொருத்தினார். மனத்தளத்தின் உச்சியில் நின்று திணறும் நவீன நாகரிகத்துக்கு, முதலாளித்துவமோ பொருளாதார மாற்றத்தோடு நின்றுவிடும் பொதுவுடைமையோ முழுமையான விடையாகமாட்டா என்பது அவரது துணிபு. பொருளாதார விடுதலையை அவர் மறுத்தாரல்லர். அதனோடு மனிதனுடைய உணர்வுநிலை மாற்றமும் ஒருங்கு நிகழ்தல் வேண்டும் என்றே வாதிட்டார்.

இங்கு அவர் பதஞ்சலியினின்றும் விலகும் இடத்தை அவதானித்தல் வேண்டும். சாங்கியத்தைத் தழுவிய யோக சூத்திரத்தின் முடிவு கைவல்யம். அஃதாவது, புருடன் பிரகிருதியினின்றும் நீங்கித் தனித்து நிற்றல். உலகம் திருத்தப்படுவதன்று, கடக்கப்படுவது. அரவிந்தர் வழிவந்த தளையசிங்கத்துக்கோ உலகமே யோகத்தின் களம். சமாதியிற் கிட்டுவது சமுதாயத்தில் இறங்கி வருதல் வேண்டும். யாழ்ப்பாணத்துச் சித்தர் மரபோடு ஒப்பிடும்போதும் இவ்வேறுபாடு துலங்குகின்றது. அரவிந்தர் பிறந்த அதே 1872ஆம் ஆண்டிற் பிறந்து 1964இல் மறைந்த யோகர் சுவாமிகளின் நெறி, சும்மா இருத்தலின் மௌனத்தை மையமாகக் கொண்டது. அம்மௌனம் பலர் உள்ளங்களை மாற்றியதெனினும் ஊரின் அமைப்பை மாற்றும் இயக்கமாக உருக்கொள்ளவில்லை. தளையசிங்கம் மௌனத்தையும் இயக்கத்தையும் இணைக்க முயன்றார். சர்வோதயம் அவருக்கு அவ்விணைப்பின் பெயராயிற்று.

எனினும் இக்கொள்கையில் ஒரு குறை தெளிவாகத் தெரிகின்றது. அவரது நூல்களில் உணர்வுநிலைகளின் படிக்கட்டு விரிவாகப் பேசப்படும் அளவுக்கு, அப்படிக்கட்டின் முதற்படியாகிய இயமம் பேசப்படவில்லை. பேர்மனத்தின் வருகை பற்றிய நம்பிக்கை ஓங்கி ஒலிக்கின்றது. அன்றாட ஒழுக்கத்தின் இலக்கணம் அதன் நிழலில் மங்கிப்போகின்றது. இது வெறும் சமச்சீர்க்குறை அன்று; ஆபத்தும் உடையது. உணர்வுநிலைகளை மேல் கீழ் எனப் பகுக்கும் எந்தக் கொள்கையும், மனிதரையே மேல் கீழ் எனப் பகுக்கும் கொள்கையாகத் திரிபடையக்கூடும். பிறப்பினால் வரும் சாதியை எதிர்க்கப் புறப்பட்ட சிந்தனை, ஞானத்தினால் வரும் ஒரு புதிய சாதியைப் படைத்துவிடலாகாது. யோக சூத்திரம் இவ்வாபத்துக்கு வைத்திருக்கும் காப்பு, சாதியால் வரையறுக்கப்படாத இயமம் என்னும் நிபந்தனையே. எவ்வளவு உயரச் சென்றவனும் முதற்படியிலிருந்து காலெடுத்தவனாகான்.

கிணற்றங்கரை

எழுத்தில் அருகிநின்ற இந்த இயமம் தளையசிங்கத்தின் வாழ்வில் நிறைந்து நின்றது. இதனை விளங்கிக்கொள்வதற்குப் புங்குடுதீவின் இயற்கை அமைப்பை நினைவிற் கொள்ளல் வேண்டும். சப்த தீவுகளுள் ஒன்றான அது கடலாற் சூழப்பட்டது; ஆறோ அருவியோ அற்றது. மாரிமழை நிலத்தில் ஊறி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கின்றது. கோடை முதிர முதிர அந்நன்னீர் அருகும். பல கிணறுகள் உவர்க்கும். ஆகவே, நன்னீர்க் கிணறு ஒன்றில் யார் அள்ளலாம், யார் அள்ளலாகாது என்பது தீவக வாழ்வில் மரியாதை பற்றிய வினாவாக மட்டும் அமைவதன்று. தாகத்தைப் பற்றிய வினாவுமாகும்.

1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் பொது இடங்களிற் சாதி காரணமாக ஒருவரை விலக்குவதைக் குற்றமாக்கியிருந்தது. சட்டம் இருந்தது, கிணறுகளின் கட்டுகளில் மரபு அமர்ந்திருந்தது. 1971இல் புங்குடுதீவுக் கண்ணகை அம்மன் கோயிற் கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்கள் நீர் அள்ளும் உரிமைக்காகத் தளையசிங்கம் அறவழியிற் போராடினார். அதன் விளைவாகப் பொலிசாரால் தாக்கப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். 1973இல், நாற்பது வயது நிரம்பு முன்னரே, அவர் காலமானார்.

இந்நிகழ்ச்சியை ஒரு சமூகச் சீர்திருத்தச் செயல் என்று மட்டும் குறிப்பிட்டு அமைதல் போதாது. யோகநெறியின் நோக்கில் இதன் ஒவ்வோர் அம்சமும் இயமத்தின் விளக்கமாக அமைகின்றது. பொதுவான நீரை ஒரு சாரார் தமக்கென அடைத்துவைத்தல் கள்ளாமைக்கு மாறு. மிகையைப் பற்றி நிற்றல் ஏலாமைக்கு மாறு. தாகித்தவனை விலக்குதல் அகிம்சைக்கு மாறு. அதனைப் பார்த்து வாளாவிருத்தல் உடன்பாட்டினால் வரும் இம்சை. திருமூலரின் பகுத்துண்ணலோ இங்கு உவமையாகக்கூட நிற்கவில்லை; நேர்ப்பொருளிலேயே நிற்கின்றது.

சைவ மரபை நோக்கினும் இதன் முக்கியத்துவம் குறைவதன்று. சரியை, கிரியை, யோகம், ஞானம் என நெறிகளை நான்காக வகுத்து, யோகத்தை மூன்றாவதாக வைப்பது சைவ சித்தாந்தம். கோயிலைக் கூட்டுதலும் மெழுகுதலும் பூக்கொய்தலுமாகிய சரியையே முதற்படி. கோயிற் கிணற்றைத் தொடக்கூடாதவன் அம்முதற்படியிலும் கால்வைக்க முடியாதவனாகின்றான். படியின் அடியில் ஒருவனைத் தடுத்து வைத்துக்கொண்டு, படியின் உச்சியிலுள்ள ஞானத்தைப் பற்றிப் பேசும் சமூகம் தன் தத்துவத்தையே மறுக்கின்றது. புங்குடுதீவுக் கிணற்றங்கரையில் எழுந்த வினா யாழ்ப்பாணச் சைவத்தின் உள்ளிருந்தே எழுந்த வினா என்பதை மறத்தலாகாது.

காந்தியின் முன்மாதிரி இங்கு நினைவுகூரத்தக்கது. பதஞ்சலியின் ஐந்து இயமங்களையும் தம் ஆச்சிரம விரதங்களுள் முதன்மையாக ஏற்ற அவர், உடலுழைப்பு, தீண்டாமை ஒழிப்பு முதலியவற்றையும் அவற்றோடு சேர்த்து விரதங்களைப் பதினொன்றாக்கினார். பழைய பட்டியலின் பொருளில் மறைந்துகிடந்ததை வெளிப்படையாக எழுதியமையே அவர் செய்தது. 1927இல் அவர் யாழ்ப்பாணம் வந்துசென்ற பின்னரும் நாற்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்தே அக்கோயிற் கிணற்றில் இவ்வினா எழுப்பப்பட்டது என்பது எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இவ்விடத்தில் ஒரு வலுவான மறுப்பு எழும். தீண்டாமைக்கு எதிரான போராட்டத்தை வடபுலத்திற் பரந்த அளவில் முன்னெடுத்தவர்கள் யோகிகள் அல்லர்; மார்க்ஸியவாதிகளே. 1966 ஒக்ரோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம், அதன்பின் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம், தேநீர்க் கடைப் பிரவேசங்கள், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நிகழ்ந்த போராட்டம் ஆகியவை பொருள்முதல்வாத நோக்குடையோரின் தலைமையில் நிகழ்ந்தவை. எந்த அணியினரோடு தளையசிங்கம் கருத்துப்போர் புரிந்தாரோ அதனோடு உறவுடையோர், அவர் கிணற்றங்கரைக்குச் செல்லு முன்பே கோயில் வாயிலில் நின்றுவிட்டனர். அவ்வாறாயின், அதே நீதியை அடைதற்கு யோகம் எதற்கு? தியானமின்றியே அடையத்தக்க ஒன்றுக்குத் தியானம் மிகையன்றோ?

இம்மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. நீதி செய்தற்கு யோகம் இன்றியமையாத நிபந்தனை அன்று என்பதை ஒப்புக்கொள்ளுதலே நேர்மை. ‘போர்ப்பறை’யின் சில பகுதிகளில், உணர்வுநிலை மாற்றமின்றி எந்த உண்மையான விடுதலையும் இல்லை என்னும் தொனி மிகைப்பட்டு ஒலிக்கின்றது. மாவிட்டபுரத்தில் நின்றவர்களின் துணிவு அத்தொனியை மறுதலிக்கின்றது.

ஆயினும் யோகம் சேர்ப்பது ஒன்று உண்டு. பகைமையோடு போராடுபவனை அப்பகைமை பின்னர் என்ன செய்யும் என்னும் வினாவை அது விடாது கேட்கின்றது. மகிழ்ந்திருப்போர்பால் நட்பும், துன்புறுவோர்பால் கருணையும், நல்லோர்பால் உவகையும், தீயோர்பால் பற்றும் பகையுமற்ற நடுநிலையும் பயிலுதல் சித்தத்தைத் தெளிவிக்கும் என்பது பதஞ்சலியின் போதனை. இம்சை எண்ணம் எழும்போது அதற்கு எதிரானதை உள்ளத்திற் பாவித்தல் என்னும் பயிற்சியையும் அவர் கூறுகின்றார். இவை குகைக்குரிய பயிற்சிகளாக மட்டும் கருதப்பட்டு வந்தன. கிணற்றை மறித்து நிற்பவனுக்கு முன்னாலும் இவற்றைப் பயிலமுடியுமா என்று சோதித்ததே புங்குடுதீவு நிகழ்ச்சியின் தனித்தன்மை. மறித்து நிற்பவன் அந்நியன் அல்லன். அதே ஊரவன், உறவினனாகவும் இருக்கக்கூடியவன். நாளையும் அவனோடு அவ்வூரிலேயே வாழ வேண்டியிருக்கும். சிறிய தீவொன்றில் வெற்றிக்குப் பின்னரும் அயலான் அயலானே.

யோக சூத்திரமும் இச்சோதனையிலிருந்து தப்பவில்லை. அகிம்சையில் நிலைபெற்றவன் முன்னிலையிற் பகைமை அகலும் என்று அது கூறுகின்றது. 1971இல் பகைமை அகலவில்லை, அடி விழுந்தது. சூத்திரம் பொய்த்ததென்று கூறுவோரும், சாதகன் நிலைபெறவில்லையென்று கூறுவோரும் இருக்கலாம். இரண்டும் அவசர முடிபுகள். அகிம்சை பகைவனை உடனே மாற்றும் ஒரு சித்தி அன்று என்றும், பகைவன் மாறாதபோதும் தான் பகைவனாக மாறாதிருக்கும் உறுதி என்றும் அச்சூத்திரத்தை மீள வாசிப்பதற்கு வரலாறு நம்மை நிர்ப்பந்திக்கின்றது. தத்துவத்தை வரலாற்றால் உரசிப் பார்க்கும் வாய்ப்பைத் தந்தமையே தளையசிங்கத்தின் வாழ்வு விமரிசனத்துக்கு அளித்த கொடை.

மெய்யுளும் தியானமும்

அவரது இலக்கியக் கொள்கையையும் இவ்வெளிச்சத்தில் நோக்குதல் தகும். செய்யுள், உரைநடை, கதை, கட்டுரை என்னும் எல்லைகளைக் கடந்த புதிய உருவமாக ‘மெய்யுள்’ என்பதை அவர் முன்மொழிந்தார். கற்பனையின் மயக்கத்தில் வாசகனை ஆழ்த்துவதினின்றும் விலகி, வாழ்வின் மெய்ம்மையை அவன் நேர்நின்று எதிர்கொள்ளச் செய்தலே அதன் நோக்கம். சித்தவிருத்திகளை ஐந்தாக வகுக்கும் பதஞ்சலி, சொல்லளவில் நின்று பொருளற்றுப்போகும் அறிவை விகற்பம் என்கின்றார். வெறுங் கற்பனையிலக்கியத்தின் மீது தளையசிங்கம் கொண்ட ஐயம் இவ்விகற்பத்தின் மீதான யோகியின் ஐயத்தோடு ஒத்தது எனக் கொள்ள இடமுண்டு. மெய்யுள் வாசிப்பைத் தியானத்தின் அயலுக்குக் கொண்டுவர முயல்கின்றது.

இம்முயற்சி இலக்கியமாக எவ்வளவுக்கு வெற்றி பெற்றது என்பது வேறு வினா. கொள்கை விளக்கமாக நின்றுவிடும் பகுதிகள் மெய்யுளிற் பல. கற்பனையை ஐயுற்ற எழுத்து, கற்பனை தரும் அநுபவச் செறிவையும் ஓரளவு இழந்தது. அவரது சிறுகதைகளில் மனிதர் நடமாடுகின்றனர். பிற்கால எழுத்தில் நிலைகளும் தளங்களும் நடமாடுகின்றன. அயலானின் முகம் மங்கும்போது இயமமும் மங்குகின்றது என்பதற்கு இதுவே இலக்கியச் சான்று. ஆயினும், எழுதுபவன் எழுதியவாறு வாழவேண்டும் என்னும் மெய்யுளின் உட்கிடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. வாய்மை என்னும் இயமத்தை இலக்கிய இலக்கணமாக்கிய துணிவு அது.

தளையசிங்கத்தின் எழுத்து தியானத்தின் உச்சியை நோக்கியது. அவரது வாழ்வு இயமத்தின் அடியில் ஊன்றி நின்றது. எழுத்தில் விடுபட்டதை வாழ்வு நிரப்பியது. ஆகவே அவரது நூல்களைத் தனித்து வாசிப்போர் அவரை ஒரு தரிசனவாதியாக மட்டும் காண்பர். கிணற்றுப் போராட்டத்தைத் தனித்து நோக்குவோர் அவரை ஒரு சீர்திருத்தவாதியாக மட்டும் காண்பர். இரண்டையும் ஒருசேர வாசிக்கும்போதே, பதஞ்சலி முதற்படியில் வைத்த நிபந்தனை எத்துணைக் கடினமானது என்பது விளங்கும். பல்கலைக்கழகங்களில் யோக சூத்திரம் இந்து தத்துவப் பாடமாகவும், தளையசிங்கம் ஈழத்து இலக்கியப் பாடமாகவும் வெவ்வேறு வகுப்பறைகளிற் பயிலப்படுகின்றனர். அவ்விரு வகுப்பறைகளுக்கும் இடையேயுள்ள கதவு திறக்கப்படுமாயின், கண்மூடி அமர்வதற்கு முன்னர் அயலானுக்கு வாளியைக் கொடுத்தாயிற்றா என்னும் எளிய வினாவோடு யோகம் பற்றிய ஆய்வு தொடங்கக்கூடும்.